ஒன்பது நாள் முந்திப் போன சோதனைக் கோப்பு

லண்டனில் கணினித் தொழிலில் இருக்கும் நம்மவர்கள் சிலர் சேர்ந்து ஆண்டுக்கொரு மலர் போடுகிறார்கள். அதற்கு எழுதித் தரும்படி கேட்டு ஒரு பெண்பிள்ளை போன் எடுத்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறதாம்.

"அங்கிள், நீங்கள் ஒரு பெரிய செக்யூரிட்டிப் பிழை பிடிச்சனீங்களாம். இப்ப நாங்கள் ஏஐயிட்ட புரோகிராமைக் குடுத்தா ஒரு கோப்பி குடிச்சு முடிக்க முதல் அது நாலு ஓட்டை காட்டுது. அந்தக் காலத்தில நீங்கள் கண்ணால பார்த்து எப்பிடிப் பிடிச்சனீங்கள் எண்டு எழுதுங்கோவன்."

அந்தக் காலமாம். நான் ஓய்வு பெற்று இன்னும் நாலு வருடம் முடியவில்லை. அவள் சொல்லும் சங்கதி நடந்து ஏழு வருடம். கோபம் வந்தது, ஆனால் பிள்ளை நல்ல மரியாதையாகக் கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

பிடித்ததைப் பற்றி எழுதுவதென்றால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். பிடித்த பிறகு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இதுவரை எழுதவில்லை. வீட்டில் என் மனைவி மனோவுக்கும் சொல்லவில்லை. இந்த மலரில் என்னைப் பற்றி நல்ல மாதிரி ஒரு கட்டுரை வரும் என்று எதிர்பார்க்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகதியாக வந்தேன். பகலில் பெட்ரோல் நிலையத்தில் நின்று, மாலையில் கல்லூரிக்குப் போய், நாலு வருடத்தில் முடிக்க வேண்டியதை ஏழு வருடத்தில் முடித்தேன். பிறகு விம்பிள்டனில் ஒலிப்பதிவுக் கருவிகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அப்டன் பார்க்கில் ரயில் ஏறி ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாறிப் போக வேண்டும். ஒரு நாளில் இரண்டரை மணி நேரம் அந்த ரயிலுக்கே போய்விடும்.

எங்கள் பிரிவில் இரண்டே பேர். ஒலியை வெட்டி ஒட்டித் திருத்துகிற ஒரு மென்பொருளைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. அது யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கக்கூடிய மென்பொருள். அதன் நிரல் முழுவதும் இணையத்தில் திறந்தே கிடக்கும். உலகத்தில் எவரும் வாசிக்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். நாங்கள் ஒரு வரியை மாற்றினாலும் அந்த நிமிடமே எல்லோருக்கும் தெரியும். எங்கள் கம்பெனியின் கருவிகளுக்குள்ளும் அதே நிரல் ஓடியதால் கம்பெனி எங்களுக்குச் சம்பளம் தந்து அதைப் பராமரித்தது.

மற்ற ஆள் என் மேலதிகாரி, பரமேஸ்வரி. நான் பரமேஸ் அக்கா என்பேன். ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழ்ப் பெண். அவரைப் போல் ஒருவரை இனிக் காணமாட்டேன். நிரலைத் திரையில் வாசிக்கமாட்டார். தாளில் அச்சடித்து மேசையில் விரித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற இரும்பு அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு போவார். ஓர் எண்ணைக் கண்டால் அடிமட்டம் நின்றுவிடும்.

"பாலா, இந்த நீளம் யாரு சொன்னது?"

"பைல் சொல்லுது அக்கா."

"பைல் யாரு?"

அவ்வளவுதான். குரலை உயர்த்தமாட்டார், விளக்கமும் தரமாட்டார். 'பைல் யாரு' என்று கேட்டுவிட்டு, நான் பதில் கண்டுபிடிக்கும் வரை ஜன்னலுக்கு வெளியே டிராம் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் வருடம் எனக்கு அவர் மேல் பொல்லாத எரிச்சல். பிறகுதான் எங்கள் தொழில் முழுக்க அந்த ஒரு கேள்விதான் என்று விளங்கியது. வெளியே இருந்து வருகிற கோப்பு தன்னைப் பற்றி என்ன சொன்னாலும் நம்பக் கூடாது. யாரோ ஒருவர் எழுதி அனுப்பியதுதானே அது.

இந்த வகைப் பிழைக்குத் தொழிலில் பஃபர் ஓவர்ஃப்ளோ என்று பெயர். புதிதாக வருகிறவர்களுக்கு நான் என் பெயரை வைத்துத்தான் விளக்குவேன். நான் வந்த புதிதில் நிரப்பிய அரசாங்கப் படிவத்தில், பெயருக்கென்று ஓர் எழுத்துக்கு ஒரு பெட்டியாகப் பன்னிரண்டு பெட்டிகள். என் பெயர் பாலசுப்பிரமணியம். ஆங்கிலத்தில் எழுதினால் பதினைந்து எழுத்து. நிறுத்தத் தெரியாமல் எழுதிக்கொண்டே போனேன். கடைசி மூன்று எழுத்து பக்கத்தில் இருந்த பிறந்த தேதிப் பெட்டிக்குள் விழுந்துவிட்டது. பிறந்த தேதி தெளிவில்லை என்று கடிதம் வந்தது. அதைச் சரிப்பண்ண ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தேன். கணினி நினைவகத்திலும் இதுதான் நடக்கும். ஒதுக்கிய இடத்துக்கு மேல் எழுதினால் மிச்சம் பக்கத்து இடத்தில் போய் விழும். பக்கத்து இடத்தில் இருப்பது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கணினிக்குச் சொல்கிற குறிப்பாக இருந்தால், வழிந்து விழுந்த எழுத்துகள் சொல்வதைக் கணினி செய்யும். கெட்டிக்காரன் ஒருவன் எதை வழிய விட வேண்டும் என்று கணக்குப் பார்த்து அனுப்பினால், கணினி அவனுடையது. அதற்கு மேல் நான் இங்கே எழுதப் போவதில்லை.

நான் பிடித்த பிழையும் அதே பிழைதான். ஒலிக்கோப்பின் தலைமாட்டில், சத்தம் தொடங்குவதற்கு முன், தலைப்பு, பதிவு செய்தவர் பெயர், குறிப்பு என்று சில விவரங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'இனி வருவது இத்தனை எழுத்து' என்று கோப்பே சொல்லும். யாரோ ஒருவர் தன் கச்சேரிப் பதிவின் தலைப்பு சரியாகத் தெரியவில்லை என்று முறைப்பாடு எழுதியிருந்தார். அதைப் பார்க்கப் போன இடத்தில், குறிப்பு என்ற பகுதியை வாசிக்கும் வரிகள் கண்ணில் பட்டன. இருநூற்றைம்பத்தாறு எழுத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தது. கோப்பு எத்தனை எழுத்து என்று சொல்கிறதோ அத்தனையும் அதற்குள் கொட்டப்பட்டது. எவர் எழுதிய வரியோ தெரியாது, வருடக்கணக்காக அங்கே கிடந்திருக்கிறது. நானே நூறு தரம் கடந்து போயிருப்பேன். பைல் யாரு என்று அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது.

இப்படி ஒன்றைக் கண்டால் செய்கிற முறை ஒன்று இருக்கிறது. முதலில் வாயை மூட வேண்டும். திருத்தம் எழுதி, புதிய பதிப்பைத் தயார் செய்து, அதை விநியோகிக்கிறவர்களுக்கு மட்டும் இரகசியமாகச் சொல்லி, எல்லோரும் சேர்ந்து ஒரு நாளைக் குறிப்போம். அந்த நாளில் புதிய பதிப்பும் எச்சரிக்கையும் ஒன்றாக வெளியே வரும். அதுவரைக்கும் வீட்டுக்காரருக்கும் சொல்லக் கூடாது, நண்பருக்கும் சொல்லக் கூடாது. சொந்தக்காரருக்கு முதலில் திருத்தம் கொடுப்பதும் பிழை. கோடிக்கணக்கானவர்கள் ஓட்டையோடு இருக்கும்போது நம் வீட்டை மட்டும் அடைத்துக்கொள்வது என்ன நியாயம் என்று பரமேஸ் அக்கா கேட்பார்.

அவருடைய இன்னொரு விதி சோதனைக் கோப்பைப் பற்றியது. திருத்தம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, பழைய பதிப்பை விழுத்துகிற மாதிரி ஒரு கெட்ட கோப்பை நாமே செய்வோம். அது இருந்தால், ஓட்டை எங்கே, எப்படி என்று ஒருவரும் தேட வேண்டியதில்லை. "அதை வெளிய போடாதீங்க பாலா. ரிலீஸ் ஆகி எல்லாரும் மாத்துன பிறகு, மெதுவா போடலாம்" என்பார்.

அந்தக் கிழமை அவருக்குக் கண் சத்திரசிகிச்சை. பத்து நாள் விடுமுறை. போகும்போது, "நான் வந்ததும் தாள்ல ஒரு தடவை பாத்துட்டு ஏத்துவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். புதிய பதிப்பு அதற்கடுத்த திங்கட்கிழமை என்று முடிவாகியிருந்தது.

நான் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை வீட்டில் இருந்து திருத்தத்தை எழுதி முடித்தேன். ஏழே ஏழு வரி. சும்மா சொல்லக் கூடாது, அழகான ஏழு வரி. 'குறிப்புப் பகுதியில் சிறு சீராக்கம்' என்று ஒன்றும் தெரியாதது போல ஒரு தலைப்புப் போட்டுப் பொது நிரலில் ஏற்றினேன். சோதனைக் கோப்பையும் கூடவே ஏற்றினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். சோதனை இல்லாமல் திருத்தம் அனுப்புகிற இளம் பிள்ளைகள் மேல் இருபது வருடமாக நாயாய்ப் பேயாய்க் கத்தியவன் நான். 'டெஸ்ட் எங்கே? டெஸ்ட் இல்லாமல் என்ன திருத்தம்?' என்று உலகம் முழுக்க எழுதியவன். என் பெயரில் ஒரு திருத்தம் சோதனை இல்லாமல் போவதற்கு என் மண்டைக்கனம் இடம் தரவில்லை. கை பழக்கத்தில் போட்டுவிட்டது என்று சில நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். நினைத்துத்தான் போட்டேன். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பதிப்பு வெளிவர ஒன்பது நாள் இருந்தது.

கெட்ட கோப்பின் குறிப்புப் பகுதியை நிரப்ப ஏதாவது எழுத்து வேண்டும். எல்லோரும் ஆங்கில 'ஏ' என்ற எழுத்தையே வரிசையாக அடித்து நிரப்புவார்கள். நான் எப்போதும் என் பெயரைத்தான் போடுவேன். படிவத்தில் வழிந்த அதே பதினைந்து எழுத்து, ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல், திரும்பத் திரும்ப. எனக்கு அது ஒரு பகிடி.

இனி மனோவின் வேலையைச் சொல்ல வேண்டும். கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு சாரிக்கடைக்கு மேலே, வீட்டில் அடி வாங்குகிற தமிழ்ப் பெண்களுக்கு ஒரு தொலைபேசி உதவி நடந்தது. மனோ அங்கே தொண்டர். எழுதி அனுப்பினால் புருஷன் கண்டுவிடுவான் என்று பயந்து, அந்தப் பெண்கள் குரலில் பேசி அனுப்புவார்கள். மனோ அதில் வருகிற பெயர், முகவரி எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, மிச்சத்தை வழக்கறிஞருக்கும் கவுன்சிலுக்கும் அனுப்புவாள். வெட்டாத பதிவுகள் அவளுடைய கணினியில் இருக்கும். வெட்டுவதற்கு அவள் பாவித்தது எங்கள் மென்பொருள். நான்தான் போட்டுக் கொடுத்தேன். தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் நான்தான் நிறுத்தி வைத்தேன், ஒவ்வொரு முறையும் பொத்தான்கள் இடம் மாறுகின்றன என்று அவள் கத்தியதால்.

அந்தப் பெண்களைப் பற்றி அவள் வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவளுக்கும் வாய்ப்பூட்டு, எனக்கும் வாய்ப்பூட்டு. இருவரும் ஒரே மேசையில் இருந்து, மரக்கறி விலை ஏறிவிட்டது என்று கதைத்துக்கொண்டு சாப்பிடுவோம்.

அந்த வருடத் தொடக்கத்தில் சவுத்தாலில் ஒரு மண்டபத்தில் பிறந்தநாள் விருந்து. அங்கே ஓர் இளைஞன் என்னைத் தேடி வந்தான். கரன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் பெரிய வேலை. அண்ணை, அண்ணை என்று உருகினான். எங்கள் மென்பொருளின் நிரலை வாசித்திருக்கிறான், நல்ல கேள்விகள் கேட்டான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"மாற்றம் நடக்க நடக்க மெயில் வாற மாதிரிப் போட்டு வையும் தம்பி. பார்த்துப் பார்த்துப் பழகினால் நீரும் எழுதலாம்" என்றேன். அதோடு விட்டேனா? "மனோவின்ர ஹெல்ப்லைனே எங்கட சாப்ட்வேரிலதான் ஓடுது. பொம்பிளையளின்ர வொய்ஸ் மெசேஜ் எல்லாம் அதிலதான் வெட்டுறது" என்று பெருமையடித்தேன்.

பக்கத்தில் அவன் மனைவி கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றாள். அதுவரை குனிந்த தலை நிமிரவில்லை. ஹெல்ப்லைன் என்றதும் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். அவளைச் சுகந்தி என்று சொல்கிறேன். அதுவும் அவள் பெயர் அல்ல.

சோதனைக் கோப்பை ஏற்றி ஐந்தாம் நாள், வியாழக்கிழமை. பின்னேரம் வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சையப்பா, உங்கட சாப்ட்வேருக்கு என்ன வந்தது?" என்றாள் மனோ. "செவ்வாய்க்கிழமை ஒரு மெசேஜ் திறந்தன். படக்கெண்டு மூடிப்போட்டுது. திரும்பத் திறந்தன், திரும்பவும் மூடிப்போட்டுது."

கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்தேன். "ஆர் அனுப்பினது?"

"பேர் இல்லை. 'அக்கா, கதைக்கப் பயமாயிருக்கு, இதைக் கேளுங்கோ' எண்டு ஒரு வரி எழுதியிருந்தது. ஏன் முகம் ஒரு மாதிரிப் போகுது?"

"பேர் தெரியாத பைலை ஏன் திறந்தனீர்?"

"பயமெண்டு எழுதினவளின்ர மெசேஜைத் திறக்காமல் விடுறதோ? உதென்ன கதை! எனக்கு வாற எல்லாம் பேரில்லாமல்தான் வரும்."

அவள் சொன்னது சரி. அவள் வேலையே அதுதான். நான் அவளுடைய கணினியை இணையத்திலிருந்து பிடுங்கி, அந்தக் கோப்பை, உள்ளே இருப்பதை எழுத்தும் எண்ணுமாகக் காட்டுகிற ஒரு சிறு கருவியில் திறந்தேன். தலைப்பு இருந்தது. அடுத்தது குறிப்பு. குறிப்பு என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. பாலசுப்பிரமணியம், பாலசுப்பிரமணியம், பாலசுப்பிரமணியம் என்று வரிவரியாக, நான் அடித்தபடியே. கடைசிப் பகுதியை மட்டும் எவனோ மாற்றியிருந்தான். மிச்சத்தை மாற்ற அவன் மினக்கெடவில்லை.

கோப்பை மூடினேன். கணினி வேறெங்கோ பதிவுகளை அனுப்பியிருந்ததற்கான தடயமும் இருந்தது.

"மனோ, உதில வைரஸ். உள்ளுக்கு இருந்ததெல்லாம் வெளிய போயிருக்கும். ஆற்ற அட்ரஸ் எல்லாம் இதில இருந்ததோ, அவையளுக்கு உடனே சொல்லும்."

அவள் முகம் செத்துப் போனது. போனை எடுத்தாள். முதலில் எடுத்தது சுகந்திக்கு. அதற்கு முந்திய கிழமைதான் சுகந்தி பிள்ளையோடு ஒரு புது அறைக்கு மாறி, அந்த முகவரியைக் குரலில் சொல்லி அனுப்பியிருந்தாள். அவசரத்தில் மனோ போனைச் சத்தமாக வைத்திருந்தாள். எனக்கும் கேட்டது.

"நேற்றே வந்திட்டார் அக்கா" என்றது அந்தக் குரல். அழுகை இல்லை, களைத்த குரல். "எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டொப்பில நிண்டவர். பிள்ளையின்ர ஸ்கூல் ஜம்பரை ஒரு பையில கொண்டந்தவர். சத்தம் போடேல்லை. கரனைத் தெரியும்தானே உங்களுக்கு, வெளியில சத்தம் போடமாட்டார். வீட்டை வா எண்டார்."

அவள் கரனின் மனைவி என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சவுத்தாலில் தட்டோடு நின்ற பெண் நினைவுக்கு வந்தாள். மாற்றம் நடக்க நடக்க மெயில் வரப் போட்டு வை என்று அவள் கணவனுக்கு நான் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

"கதவைத் திறக்காதேங்கோ. பொலிசுக்கு அடிக்கிறன். வேற இடம் பாப்பம்" என்று மனோ கெஞ்சினாள்.

"இது மூண்டாவது இடம் அக்கா. முந்தினது ரெண்டும் சொந்தக்காரர் வீடு, இது உங்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாத இடம். எங்க போனாலும் அவருக்குத் தெரியுது. நான் நினைக்கிறது கூடத் தெரியும் போல. இனி எனக்கு ஏலாது. உடுப்பு அடுக்கிக்கொண்டிருக்கிறன்."

நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த நிமிடத்தில் நான் சொல்ல வேண்டியது மூன்று வசனம். 'பிள்ளை, அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு ஓட்டையால் பார்த்தான். அந்த ஓட்டை எது என்று எனக்குத் தெரியும், அதை அடைக்கலாம்.' போனை வாங்கி இதைச் சொல்லியிருந்தால் அவள் உடுப்பு அடுக்குவதை நிறுத்தியிருப்பாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். நான் சொல்லவில்லை. பதிப்பு வெளிவர இன்னும் நாலு நாள் இருக்கிறது, விதியை மீறக் கூடாது என்று மனதுக்குள் ஒரு குரல். அந்தக் குரலுக்குப் பின்னால் நின்றது விதி அல்ல. ஓட்டை எப்படி வெளியே தெரிந்தது என்று மனோ கேட்பாள், என் பெயரை அவளுக்குக் காட்ட வேண்டி வரும் என்ற பயம்.

சுகந்தி போனை வைத்துவிட்டாள். அன்றைக்கே திரும்பிப் போய்விட்டாள்.

மனோ அந்த மேசையில் இருந்து, "நான் திறந்திருக்கக் கூடாது. ரெண்டு தரம் திறந்தன் அப்பா, ரெண்டு தரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். தூ என்று என்னையே துப்ப வேண்டும் போல் இருக்கிறது, அதை எழுதும்போது.

அடுத்த நாளே வேலைக்குப் போய் அந்தச் சோதனைக் கோப்பைப் பொது நிரலில் இருந்து எடுத்தேன். எடுத்து என்ன, போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை பதிப்பு வெளியானது. எச்சரிக்கைக் குறிப்பில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியவர் என்று என் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தார்கள். எங்கெங்கிருந்தோ வாழ்த்து வந்தது. மலர் போடுகிற பிள்ளைகள் கேள்விப்பட்டது அதைத்தான்.

வெள்ளிக்கிழமை வர வேண்டிய பரமேஸ் அக்கா, கண் ஆறத் தாமதமாகி, செவ்வாய்க்கிழமைதான் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். கதவைச் சாத்திவிட்டு அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். மனோவுக்கு வந்த கோப்பை அச்சடித்துக் கொடுத்தேன். வழக்கம் போல அடிமட்டத்தை வைத்து முதல் வரியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார். என் பெயர் தொடங்கும் இடத்தில் அடிமட்டம் நின்றது.

"இந்த டெஸ்ட் பைல போடச் சொன்னது யாரு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. நான்தான்."

இந்தத் தடவை அவர் டிராமைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். "அந்தப் பொண்ணு இப்ப எங்க?"

"திரும்பிப் போயிட்டாள்."

"வீட்ல மனோவுக்குத் தெரியுமா?"

"இல்லை."

"சொல்லிடுங்க பாலா. நாளாக ஆகச் சொல்ல முடியாமப் போயிடும்." அவ்வளவுதான் சொன்னார். கோப்பைப் பொலிசில் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அவர்கள் சுகந்தியிடம் போய்க் கேட்டார்கள். தன் கணவர் தன்னை ஒன்றும் செய்யவில்லை என்றும் தான் விரும்பித்தான் வந்ததாகவும் அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். கோப்பை அனுப்பியது யார் என்று நிரூபிக்கவும் வழியில்லை. அதோடு அது கிடப்பில் போனது.

மனோ அந்த வருட முடிவில் உதவி இணைப்பை விட்டு விலகினாள். முழங்கால் வலி, படி ஏற முடியாது என்று மற்றவர்களுக்குச் சொன்னாள். அதன் பிறகு போனில் எந்தக் குரல் பதிவு வந்தாலும், எங்கள் மகள் அனுப்பினாலும், திறக்க முன் ஒரு தடவை என்னிடம் நீட்டுவாள். "பாத்துச் சொல்லுங்கோ, திறக்கலாமோ?" ஏழு வருடமாக, கிழமைக்கு நாலு தரமாவது அதைக் கேட்டிருக்கிறேன். ஓம், திறவும் என்று சொல்லியிருக்கிறேன். பரமேஸ் அக்கா சொன்னது பலித்தது. நாளாக ஆகச் சொல்ல முடியாமல் போனது.

அதற்குப் பிறகு சுகந்தியை ஒரே ஒரு தடவை கண்டேன். போன வருடம் விம்பிள்டன் கோயிலில். கரன் அர்ச்சனைத் தட்டு வைத்திருந்தான். "அண்ணை, சுகமா?" என்று அதே மரியாதையோடு கேட்டான். அவள் பக்கத்தில் குனிந்தபடி நின்றாள். நான் சுகம் என்று சொன்னேன். அவனிடம் வேறென்ன சொன்னேன் என்று கேளாதீர்கள், ஒன்றும் சொல்லவில்லை.

நான் தமிழில் எது எழுதினாலும் அனுப்பும் முன் மனோதான் சரி பிழை பார்ப்பாள். கல்யாண வாழ்த்து மடலாக இருந்தாலும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இந்தக் கட்டுரையை இதுவரைக்கும் எழுதி, இன்று காலை அவளிடம் கொடுத்தேன். வாயால் சொல்ல என்னால் முடியவில்லை.

முதல் பக்கத்தில் இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப் போனதைத் திருத்தினாள். இரண்டாம் பக்கத்தில் ஒன்று. அதற்குப் பிறகு பேனா அசையவில்லை. கடைசித் தாள் வரைக்கும் வாசித்தாள். தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினாள். திரும்பவும் தட்டி அடுக்கினாள்.

"ஏழு வருசம்" என்றாள். "என்ர கையால எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே என்னோட ஒரே மேசையில இருந்து சாப்பிட்டனீங்கள்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

"மற்றாக்களின்ர பேரை மாத்தினது சரி. உங்கட பேரை மாத்தாதேங்கோ, அப்பிடியே போகட்டும்."

"ஓம்."

"தான் எங்க போனாலும் அவர் கண்டுபிடிப்பார் எண்டுதானே அவள் திரும்பிப் போனவள். அவருக்கு ஒண்டும் தெரியாது, உங்கட பைலாலதான் வந்தது, அந்த ஓட்டையை அடைச்சு ஏழு வருசம் எண்டு அவளுக்குத் தெரியாது. அது தெரிஞ்சால் அவள் இண்டைக்கும் அந்த வீட்டை விட்டு வெளிக்கிடுவாள்."

"மலர் வந்ததும் அவளுக்கு ஒண்டு அனுப்புவமே?" என்றேன். ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற அவதியில் சொன்னேன்.

மனோ என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த வீட்டுக்குப் போற கடிதம், பார்சல், மெசேஜ் எல்லாத்தையும் முதல்ல திறக்கிறது ஆர்?"

"கரன்" என்றேன்.